சுவரில் ஒட்டிய பதினொரு கண்ணாடிகள்

என் வீட்டுக்காரருக்கு வெளியில் 'டொக்கு' என்று பெயர். அது அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகவே தெரியும். முதலில் அப்படிச் சொன்னது யாராக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். அதில் நான் நான்காவது ஆள்.

பழைய செங்கல் கட்டடங்கள் இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். கையில் சின்னச் சுத்தியல், சட்டைப் பையில் நீள ஆணி. சுவரை டொக் டொக்கென்று தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், ஓரடி தள்ளி மறுபடி தட்டுவார். உள்ளே கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், பொக்காக இருந்தால் வேறு சத்தம். அப்புறம் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள சுண்ணாம்புக் காரையில் ஆணியைக் குத்துவார். ஆணி சுலபமாக இறங்கினால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். நான் அப்பவே நினைச்சேன் என்கிற தெளிவு.

நாலைந்து செங்கல்லைப் பெயர்த்து எடுத்துவந்து எங்கள் குளியலறை வாளியில் ஒரு நாள் முழுக்க ஊறப்போடுவதும் உண்டு. காய்ந்த செங்கல்லை நசுக்கிப் பார்த்தால் அது தன் பலத்தைக் கூட்டிக் காட்டுமாம், நனைத்து நசுக்கினால்தான் நிஜம் வெளியே வருமாம். என்னைப் பெண் பார்க்க மூன்று தடவை வந்த மனுஷன், ஒரு தடவை அடைமழையில் வந்தார். அதற்குக் காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு நிற்காது. கட்டடச் சொந்தக்காரர் டீ கொடுத்தால், "எதையோ மறைக்கிறான், அதான் உபசாரம்" என்பார். கொடுக்காவிட்டால், "நம்மளைச் சீக்கிரம் கிளப்பப் பாக்கிறான்" என்பார். பால் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் தொடர்ந்து சிரித்துவிட்டால் மூன்றாம் நாள் நம் வீட்டு மதிலைச் சுற்றி வந்து பார்ப்பார். முப்பத்தொரு வருஷமாக இந்த மனுஷனோடு குப்பை கொட்டுகிறேன். எனக்கும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன வருஷம் ஒரு கட்டடக்காரர் வீடு தேடி வந்தார். அவருடைய இரண்டு தளக் கட்டடத்தைப் பார்த்து, இருக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் என் அண்ணன் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறான். மாடியில் அவனும் அண்ணியும் பன்னிரண்டு வயது மகளும் குடியிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் மட்டும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். 'ஆகாது' என்று எழுதினால் அவனுக்கு ஒரே நாளில் கடையும் போகும், வீடும் போகும். 'ஆகும்' என்று எழுதினால் கட்டடக்காரர் அவனை அசைக்க முடியாது.

வந்தவர் செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். இவருக்கு அதுவே போதும்.

"ஊர்ல எத்தனையோ பேர் இருக்கான். மச்சான் குடியிருக்கிற கட்டடத்துக்கு என்னை ஏன் கூப்பிடுறான்?" என்றார் இவர், வந்தவர் போனதும். "நிக்கும்னு எழுதினா, சொந்தத்துக்காகப் பொய் சொல்லிட்டான்னு கிளப்பலாம். விழும்னு எழுதினா, பாருங்க, சொந்த மாப்பிள்ளையே சொல்லிட்டாருன்னு காலி பண்ண வைக்கலாம். ரெண்டு பக்கமும் அவனுக்குத்தான் வசதி."

"அப்ப முடியாதுன்னு சொல்லிடுங்க."

"நான் போகலன்னா வேற எவனையாவது வச்சு இஷ்டத்துக்கு எழுதிக்குவான்."

போனார். செங்கல் ஐந்தும் எங்கள் வாளியில் ஊறி, இயந்திரத்தில் நசுங்கி, நல்ல பெயர் வாங்கின. காரை சுமார். அவருக்கு உறுத்தியது சந்துப் பக்கச் சுவர். அது நடுவில் வயிறு தள்ளியிருந்தது. தூக்குக்குண்டைக் கட்டிப் பார்த்ததில் இரண்டு விரல் அகலம். கடையின் பின்பக்க மூலையில் தொடங்கிய ஒரு வெடிப்பு அந்தச் சுவரிலேயே சாய்வாக ஏறி, மாடியில் அண்ணன் மகள் படுக்கும் அறைவரைக்கும் போயிருந்தது.

வெடிப்பு இருப்பது பெரிய விஷயமில்லையாம். என்றைக்கோ விட்டு அப்படியே அடங்கிப்போனதா, இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். விரல் அகலத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் வெள்ளைப் பூச்சுமாவைக் குழைத்து ஒட்டி, கண்ணாடி மேல் தேதி எழுதிவிடுவார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று இரண்டாக விட்டுப்போகும். கீழிருந்து மேல்வரை பதினொரு கண்ணாடி ஒட்டினார். எட்டு வாரம் பார்ப்பார். அதன் பிறகு கையெழுத்து.

யாராவது கண்ணாடியை மாற்றி வைத்துவிட்டால்? அதற்கும் மனுஷன் வழி வைத்திருந்தார். மாவைக் குழைக்கும்போது துணிக்குப் போடும் நீலத்தில் இரண்டு சொட்டு விட்டுவிடுவார். காய்ந்த பிறகு, தெரிந்தவர்கள் கண்ணுக்கு மட்டும் லேசாக நிறம் தெரியும். இந்த ரகசியம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான். எனக்குத் தெரிந்ததே, நீல பாட்டில் என்னுடையது, அதை என்னைக் கேட்காமல் எடுத்தார் என்பதால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்தது நான்தான். என் வாய் சும்மா இருக்காது. அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "மாப்பிள்ளை கனவுல கூடப் பூட்டுப் போட்டுட்டுத்தான் தூங்குவாரு போல" என்றான். அண்ணி அவன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

வாரா வாரம் இவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. எனக்கு நிம்மதி. இவருக்கோ ஆறாவது வாரம் வரை முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது.

"பக்கத்துல பஸ் போகுது. வெயில் இந்தக் காய்ச்சல் காயுது. பதினொண்ணுல ஒண்ணு கூடவா விடாது?"

"நல்ல கட்டடமா இருக்கக் கூடாதா?"

"நல்ல கட்டடம்னா ஒண்ணாவது உடையும்" என்றார். இந்த மாதிரி நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் அங்கே போய்விட்டு வந்தவர், எதையும் குறை சொல்லவில்லை. கட்டடக்காரரைத் திட்டவில்லை. சாப்பாட்டில் உப்புக் கம்மி என்று எனக்கே தெரியும், அதையும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டார். நான் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து கேள்விகள் வந்தன. "உங்க அண்ணன் கடைசியா எப்பப் பேசினான்?" "என்ன பேசினீங்க?" "அவ்வளவு நேரமா அதையேவா பேசினீங்க?" நான் போனை வைத்ததும் அறைக்குள் நுழைவார், எதையோ தேடுகிற மாதிரி நிற்பார், ஒன்றும் எடுக்காமல் போவார். ஒரு தடவை நீல பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஏதாவது வந்து, அதை என்னிடமிருந்து மறைக்கிறாரோ என்று அவருடைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இந்த வயதில் வேறு எங்காவது மனசு போய்விட்டதோ என்று சட்டையைக்கூட முகர்ந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது.

எட்டு வாரம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, எங்கள் மகன் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட அண்ணன் கடைக்குப் போனேன். காலை பதினொரு மணி. கடை திறந்திருந்தது, அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தான். படத்தைச் சுற்றியிருந்த கயிற்றை அறுக்கக் கத்தரிக்கோல் தேடி மேஜைக்கு அடியில் இருந்த இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒரு பூச்சுமாவுப் பாக்கெட். பக்கத்தில் துணிக்குப் போடும் நீலம்.

அண்ணி வெள்ளைத் துணியே வாங்கமாட்டாள். தோய்த்து மாளாது என்பாள். மகளின் பள்ளிச் சீருடை பழுப்பு, அண்ணனின் பனியன்கூடச் சாம்பல் நிறம். அந்த வீட்டில் நீலத்துக்கு என்ன வேலை?

இழுப்பறையை இன்னும் இழுத்தேன். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே இரண்டாக விட்டுப்போன கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் என் வீட்டுக்காரர் கையெழுத்தில் தேதி. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு வேறு ஒட்டியிருந்தது: எந்த இடம், என்றைக்கு உடைந்தது. கடைக்கு வரும் ஒவ்வொரு படத்துக்கும் சீட்டு ஒட்டுகிற பழக்கம் அண்ணனுக்கு. திருட்டுத்தனத்திலும் அது விடவில்லை.

"பாப்பா, அதை வை" என்றது பின்னால் அண்ணன் குரல்.

"எத்தனை?"

"நீதான் பாத்துட்டியே."

"நீ சொல்லு."

"ஏழு" என்றான் அண்ணன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "மாப்பிள்ளையைப் பத்தி உனக்குத் தெரியாதா? ஒண்ணு உடைஞ்சாலே போதும், காலி பண்ணுன்னு எழுதிட்டுத்தான் மறுவேலை பாப்பாரு. அவருக்குப் பயந்துதான் மாத்தினேன். மொத ரெண்டும் கீழ. பஸ் அதிர்வுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நெனைக்கிறதை நிறுத்திட்டேன்."

"நீலம்?"

"நீதானே சொன்ன." என் முகத்தை அவன் பார்க்கவில்லை. கண்ணாடி அறுக்கும் பேனாவை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். "தேதியையும் அவரு எழுத்து மாதிரியே எழுதினேன். மொத ரெண்டுக்கும் புதுக் கண்ணாடி ஓரத்தைக் கல்லுல தேய்ச்சுட்டேன், யார் கையையும் கிழிச்சுடக் கூடாதேன்னு. பழக்கதோஷம். மத்ததுக்குத்தான் உஷாராகி, தேய்க்காம விட்டேன். முப்பத்தாறு வருஷம் பாப்பா. எங்க போவேன்? நாலு நாள்ல அவரு கையெழுத்துப் போட்டதும் நானே ஆள் வச்சு முட்டுக் குடுத்துக்கிறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

பொட்டலத்தைச் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை.

"சொல்லிடுவியா?" என்று மட்டும் கேட்டான். நான் கடைப்படி இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன், வைத்தேன். அப்பா போனபின் என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அந்தக் கடை. அதை என் வாயாலேயே மூடச் சொல்வதா? ஒரு பக்கம் அண்ணன் முகம். இன்னொரு பக்கம் 'நான் அப்பவே நினைச்சேன்' என்று தெளியப்போகிற இவர் முகம். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். மணி நாலரை ஆனது. அண்ணன் மகள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள், கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இவர் வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு வந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். என்னது என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தத் தெளிவு முகத்தில் வந்தது.

"ஒன்பது நாள் ஆச்சு உனக்கு" என்றார்.

"என்ன ஒன்பது நாள்?"

"எனக்குத் தெரிஞ்சு ஒன்பது நாள். கீழ்ச் சுவத்துல ரெண்டு கண்ணாடியில தூசியைத் துடைச்சேன். ஓரம் வழவழன்னு இருக்கு. நான் வாங்குறது கடைச் சரக்கு, கையைக் கிழிக்கும். உங்க அண்ணனைத் தவிர எவன் ஓரம் தேய்ச்சு ஒட்டுவான்? சரின்னு மாவைப் பாத்தேன். நீலம் அப்படியே இருக்கு. நீலம் உனக்கும் எனக்கும்தானே தெரியும்."

"அதுக்கு?"

"நீயும் கூட்டான்னு பாத்தேன். நீயா வந்து சொல்றியா இல்லையான்னு."

முப்பத்தொரு வருஷம். இந்த மனுஷன் என்னைச் சந்தேகப்பட்டார் என்பதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. அவர் யாரைத்தான் விட்டுவைத்தார்? கோபம் வேறு ஒன்றுக்கு வந்தது.

"என்னைச் சோதிக்கிறதுக்காக ஒன்பது நாள் சும்மா இருந்தீங்களா? அந்தப் பிள்ளை அந்தச் சுவத்து ஓரம்தானே படுக்குது!"

"நான் என்ன பைத்தியக்காரனா? கணக்குப் போட்டுட்டுத்தான் இருந்தேன். ரெண்டு கண்ணாடி, ரெண்டும் கீழ. ஒரு மாசம் தாராளமாத் தாங்கும்."

"ரெண்டா?" என்றேன்.

பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் கொட்டினேன். அவர் துண்டுகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவதை எடுத்துச் சீட்டைப் படித்தார். நான்காவது படிக்கட்டுப் பக்கம். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் மாடி அறை, மூன்றும் இந்த நான்கு நாளுக்குள். அவர் முகத்தில் இப்போது தெளிவு இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுந்து செருப்பை மாட்டினார், இடது காலில் என்னுடையது.

"போன் போடு. இறங்கச் சொல்லு. சந்துப் பக்கம் போகாம இறங்கச் சொல்லு."

அண்ணன் எடுக்கவில்லை. அண்ணி எடுத்தாள். "அடுப்புல கொதிக்குதே" என்றாள். "அணைச்சுட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுத் தெருவுக்கு வாங்க அண்ணி, எதுவும் கேக்காதீங்க" என்று கத்தினேன். ஆட்டோ பிடித்தோம். நாங்கள் போனபோது மூன்று பேரும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றிருந்தார்கள். அண்ணன் கையில் கடைச் சாவி, அண்ணி கையில் கரண்டி. சந்துப் பாதையை இவர் அன்றைக்கே கயிறு கட்டி அடைத்தார். அறிக்கையில் 'ஆகாது' என்று எழுதினார். கட்டடக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு, முட்டுக் கொடுக்க ஆட்கள் கம்புகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, மாடிச் சுவர் சந்துக்குள் சரிந்தது. வெளியே ஒரு வரிசை நல்ல செங்கல், உள்ளே ஒரு வரிசை நல்ல செங்கல், நடுவில் வெறும் உடைசலும் மண்ணும். வெயில், பஸ் அதிர்வு, ஓத ஈரம் எல்லாம் சேர்ந்து அந்த மண் அடங்க அடங்க, வெளி வரிசை வயிறு தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. இவர் நசுக்கிப் பார்த்த ஐந்து செங்கல்லும் வெளி வரிசையில் எடுத்தவை. யாருக்கும் அடிபடவில்லை. தெருவில் நின்று பார்த்தால் மாடி அறை அப்படியே தெரிந்தது. எதிர்ச் சுவரில் அண்ணன் மகள் ஒட்டிய பாட அட்டவணை. மேலே இருந்த கற்களும் உள்பக்கமாக விழுந்து, கட்டில் நடுவில் ஒடிந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் கை, பழக்கத்தில் நாற்காலிக் கையைத் தட்டப் போய், பாதியில் நின்றது. அண்ணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, மாப்பிள்ளை கண்டுபிடிச்சாரு. இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மகள் என் பக்கத்தில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இவரைப் பார்த்தாள்.

"மாமா, அந்தச் சுவரு நகருதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இவர் யாரையும் நம்பாதவர்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாது. "தெரியும்மா" என்றார். "ஒன்பது நாளா."

"அப்பா, உங்களுக்கு?"

அண்ணன் தரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு மாசமா" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான்தான் சொன்னேன், நான் சொன்னதால்தான் நீ இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. மூன்று நாளாக அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு, அத்தை?"

"அன்னிக்குக் காலையில. பதினோரு மணிக்கு."

"நான் நாலரைக்கு வந்தேன்" என்றாள் அவள். "படுத்துக்கிட்டு எழுதிட்டு இருந்தேன்."

"தெரியும்" என்றேன்.

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கள் மூன்று பேரையும் தாண்டிப் போய், அண்ணியை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கூடத்தில் அவளைப் போல எதுவுமே தெரியாமல் இருந்தவள் அண்ணி ஒருத்திதான்.